பத்து மில்லிக்கு விலாசம் வேண்டாம்

எங்கள் சனத்துக்கு விலை கேட்கத் தெரியும், விலை சொல்ல வராது. கடையில் போய் நின்றால் "இது என்ன வெல?" என்று கேட்போம். நம்ம கையில் இருப்பதை இன்னொருத்தன் எடுத்துப் பார்த்து "இது என்ன வெல?" என்று கேட்டால் வாய் அடைத்துப் போகும். "நீங்களாப் பாத்துக் குடுங்க சாமி" என்பதுதான் எங்க அப்பாயி காலத்து விலைப்பட்டியல். நாத்து நட்டதுக்கும், பறை அடித்ததுக்கும், செத்த மாட்டை இழுத்துப் போட்டதுக்கும் அதே விலைதான். நீங்களாப் பாத்துக் குடுங்க.

இலுப்பை விதைக்கும் அதுவே. ஆடி பிறந்தால் வியாபாரி சின்ன யானை வண்டியில் வருவார். அதற்கு முன்னால் மாட்டு வண்டி. படியால் அளப்பார். எங்களிடம் அளக்கும்போது படியின் விளிம்புக்கு மேலே கோபுரம் கட்டி, விழுகிற விதையும் அவர் சாக்கிலேயே விழுகிற மாதிரி அளப்பார். அவரே வேர்க்கடலை கொண்டு வந்து எங்களுக்கு விற்கும்போது அதே படியைத் தலைதட்டி அளப்பார். படி ஒன்று, அளவு ரெண்டு. எங்க அப்பாயிக்கு எண் தெரியாது. ஆனால் கோபுரத்தில் எத்தனை கை விதை நிற்கும் என்று தெரியும். "நாலு படிக்கு ஒரு படி அவன் சாக்குல போவுது" என்பார். சொல்வது வீட்டுக்குள்ளே மட்டும். வியாபாரி முன்னால் சொன்னதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் வந்தால் எங்கள் மலைகள் தெரியும். நார்த்தாமலை என்று ஒருமையில் சொன்னாலும் ஒன்பது குன்று. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையன்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை, மண்மலை, பொன்மலை. மேலமலையில் விசயாலய சோழீச்சுரம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில், முத்தரையர் காலத்துக் கட்டுமானம். அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்லியே எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். பறையன்மலையைப் பார்க்க யாரும் வருவதில்லை. பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துப் புத்தகங்களிலேயே அந்தப் பேர் அச்சில் இருக்கிறது. நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆனது என்கிறார்கள். சோழர் கல்வெட்டில் இந்த ஊருக்குத் தெலுங்ககுலகாலபுரம் என்று பேர். வணிகர்களின் நகரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் விலை பேசியே பிழைத்த ஊர் இது. அந்த ஊரின் ஓரத்தில் இருந்துகொண்டு விலை சொல்லத் தெரியாமல் இருப்பதற்கு எத்தனை தலைமுறைப் பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலுப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழி மட்டும்தான் தெரியும். பங்குனி, சித்திரையில் பூ கொட்டும். ஆனி, ஆடியில் பழம். பழத்தின் சதையை வௌவால் தின்னும், கிளி தின்னும். தின்றுவிட்டு விதையைத் துப்பும். வௌவால் தொங்குகிற மரத்தடியில் விடியுமுன்னே போனால் சதை நீக்கின விதை கும்பலாகக் கிடக்கும். ஊர்த்தெரு ஆட்கள் எழுந்திருக்குமுன்னே பொறுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். வௌவாலுக்கு எங்கள் வீட்டில் பாதிக் கூலியாள் மரியாதை உண்டு.

எம்.ஏ. படிக்கும்போது அகநானூற்று வகுப்பில் இருப்பை வந்தது. கரடி இருப்பைப் பூவைத் தின்கிற காட்சி. இருப்பைதான் இலுப்பை. வகுப்பில் ஆசிரியர் உவமையை விளக்கினார், திணையை விளக்கினார். "பூ எப்படி இருக்கும்?" என்று யாரோ கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். காயவைத்து வறுத்து உரலில் இடித்து, பஞ்சத்துக்குத் தின்ற பூ. நான் எழுந்து சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

விதையை உடைத்துப் பருப்பெடுத்துச் செக்கில் ஆட்டினால் எண்ணெய். மஞ்சளாக இருக்கும், சித்திரை வெயிலில் தண்ணியாக ஓடும், மார்கழியில் வெண்ணெய் மாதிரி உறையும். காலில் பித்தவெடிப்புக்கு எங்கள் பெண்கள் அதைத்தான் தடவுவார்கள். கல் உடைக்கப் போகிற பெண்களின் உள்ளங்கைக்கும் அதுதான். புண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம். மிச்ச எண்ணெய் எல்லாம் கோயில் விளக்குக்கு. பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் விளக்குக்கு ஆடிய எண்ணெய் முழுக்க எங்க அப்பாயியும் அவர் கூட்டாளிகளும் பொறுக்கின விதைதான். விளக்கு எரிந்ததை அவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தவன் பேரும், இத்தனை ஆடு என்ற கணக்கும் தமிழ்நாடு முழுக்கக் கல்லில் இருக்கிறது. ஆடு மேய்த்தவன், விதை பொறுக்கினவள் பேரை எந்தக் கல்லிலும் நான் படித்ததில்லை.

நாங்கள் பதினோரு பெண்கள் சேர்ந்து 2024 ஆடியில் விதையை வியாபாரிக்குக் கொடுக்காமல் நாமே எண்ணெயாக்கி விற்பது என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் ஒரு டப்பா. சென்னையில் ஒரு தோழி வீட்டில் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற டப்பா, உள்ளே மஞ்சள் வெள்ளையாக ஒரு கொழுப்பு. ஷியா வெண்ணெய் என்றாள். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு அப்பாயியின் கால் ஞாபகம் வந்தது. வாசனை வேறு, வழவழப்பு அதேதான்.

விசாரித்தால் உறவு சரியாக இருந்தது. ஷியா மேற்கு ஆப்பிரிக்க மரம். கானா, புர்க்கினா பாசோ, மாலி நாடுகளில் பெண்கள் விடியலில் பொறுக்கி, வேகவைத்து, காயவைத்து, இடித்து, கையால் கடைந்து வெண்ணெய் எடுக்கிறார்கள். இலுப்பையும் ஷியாவும் ஒரே தாவரக் குடும்பம், சப்போட்டாக் குடும்பம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ரெண்டுக்கும் பாசியா என்று ஒரே இனப்பேர் வைத்திருந்தான். 1790களில் அந்தப் பக்கம் போன முங்கோ பார்க் என்ற வெள்ளைக்காரப் பயணியின் பேரை அந்த மரத்துக்கே ஒட்டினார்கள். கடைந்த பெண்கள் பேர் அங்கேயும் இல்லை. 2000ஆம் வருஷம் ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக நூற்றுக்கு ஐந்து வரை வேறு கொழுப்புச் சேர்க்கலாம் என்று சட்டம் போட்டது. அதில் ஆறு கொழுப்புகள் உண்டு. ஷியா ஒன்று. இன்னொன்றின் பேர் இல்லிப்பே. எங்கள் இலுப்பையின் பேர்தான் கப்பலேறிப் போய் அப்படி ஆனது. ஆனால் அந்தப் பேரில் இன்று விற்கிற சரக்கு போர்னியோத் தீவில் விளைகிற வேறு ஒரு மரத்தின் கொட்டை. பேர் எங்களுடையது, சரக்கு வேறு யாருடையதோ. இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் மூத்தவர், நான் சின்னாத்தா என்று கூப்பிடுகிறவர், "நம்ம பேர வச்சுகூடவா ஆத்தா விப்பாய்ங்க?" என்று சிரித்தார்.

எண்ணெய் ஆட்டுவது சிரமமாக இல்லை. விலை வைப்பதில்தான் நாலு ராத்திரி போனது.

முதல் ராத்திரி நான் கரும்பலகை மாதிரி ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "செலவு சொல்லுங்க." செக்குக் கூலி 300 என்றார்கள். மரங்கள் புறம்போக்கில் நிற்கின்றன, மகசூல் ஏலம் எடுத்தவருக்கு எங்கள் பங்கு 600. சாக்கு, பஸ், ஆட்டோ 410. மொத்தம் 1,310. "அம்புட்டுத்தான்" என்றார்கள். முப்பது கிலோ விதை, உடைத்ததில் இருபது கிலோ பருப்பு, அதில் ஏழரை லிட்டர் எண்ணெய். லிட்டருக்கு நூற்று எழுபத்தைந்து ரூபாய் அடக்கம் என்று ஒரு மதினி மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டார். இருநூற்றுக்கு விற்றால் இருபத்தைந்து லாபம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

"பொறுக்குனது?" என்று கேட்டேன்.

"அது நாமதான பொறுக்குனோம்."

"காயவச்சது, உடைச்சது?"

"அதும் நாமதான."

நாமதான என்ற சொல்லுக்கு அவர்கள் கணக்கில் மதிப்பு பூச்சியம். இதை நான் கோபத்தோடு எழுதவில்லை. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் வளர்க்கப்பட்டோம். வீட்டு வேலைக்குக் கூலி இல்லாத பெண்ணுக்கும், பண்ணை வேலைக்குக் கூலி கேட்கக்கூடாத சாதிக்கும் பிறந்தவளுக்குத் தன் உழைப்பு காற்று மாதிரி. இருக்கிறது என்பதே தெரியாது.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த கூலி 319 ரூபாய். அதை வைத்துக்கொள்வோம் என்றேன். யார் யார் எத்தனை நாள் என்று எண்ணினோம். பொறுக்க, அலச, காயவைக்க, உடைக்க எல்லாமாகப் பத்து ஆள்நாள் வந்தது. 3,190. முன் செலவோடு சேர்த்தால் 4,500. ஏழரையால் வகுத்தால் லிட்டர் அறுநூறு ரூபாய்.

அறையில் சத்தமே இல்லை. கடையில் இலுப்பை எண்ணெய் லிட்டர் 350க்குக் கிடைக்கிறது. கலப்படமில்லாதது என்று சொல்லி 400க்கும் விற்கிறார்கள். நாங்கள் 600 அடக்கத்தில் எண்ணெய் வைத்துக்கொண்டு யாரிடம் போவது? "கணக்குத் தப்பா இருக்கும், திருப்பிப் போடு" என்றார்கள். திருப்பிப் போட்டேன். 600 தான். கடைக்காரனால் எப்படி 350க்குத் தர முடிகிறது என்பது அந்தக் காலண்டர் அட்டையிலேயே இருந்தது. 3,190 ரூபாயை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. படிக்குக் கோபுரம் கட்டி வாங்கின விதையில் எங்கள் கூலியில் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்து போயிருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிகளைக் கல் உடைத்த பெண்களே குத்தகைக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் எங்கள் பெண்கள். ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து எழுதினார். குத்தகைக்காரனிடம் கூலிக்கு உடைத்த அதே கல்லைத் தாங்களே விற்றபோதுதான் ஒரு லாரிக் கல்லின் உண்மை விலை அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது. எங்கள் சின்னாத்தா அந்தப் பக்கத்தில் வாக்கப்பட்டு வந்தவர். "சைக்கிள் ஓட்டுனது மட்டும் எல்லாருக்கும் ஞாவகம் இருக்கு. கல்லு வெல தெரிஞ்சத எவளும் பேசுறதில்ல" என்பார்.

சரி, லிட்டரில் விற்க முடியாது. அப்படியென்றால் அளவைக் குறைக்க வேண்டும். இதை நாங்கள் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. தெருவில் தொங்குகிற ஷாம்புச் சரத்தைப் பார்த்தாலே தெரியும். கடலூர் சின்னிகிருஷ்ணன் பாக்கெட்டில் ஷாம்பு அடைத்து விற்ற முன்னோடி. அவர் குடும்பத்திலிருந்து 1983இல் கிளம்பியது சிக் ஷாம்பு. 1999இல் அதை ஐம்பது காசுக்குக் கொண்டுவந்தார்கள். பாட்டில் வாங்க வழியில்லாத சனம் பாக்கெட் வாங்கியது. லிட்டர் விலையை யாரும் மனதில் பெருக்கிப் பார்ப்பதில்லை. கையில் இருக்கிற காசுக்கு அடங்குதா என்றுதான் பார்க்கிறோம். எங்கள் கூலியை 600 ரூபாய் லிட்டருக்குள் திணித்தால் வாங்குகிறவர் மலைப்பார். ஐம்பது மில்லிக்குள் வைத்தால் முப்பது ரூபாய்தான்.

எண்ணெயை 50 மில்லி, 100 மில்லி என்று முடிவு செய்தோம். ஐம்பது மில்லிக்கு எண்ணெய் 30, பாட்டில் 6, லேபிள் 2, ஆக 38. கடைக்காரர் நூற்றுக்கு முப்பது எடுப்பார். 65 ரூபாய் விலை வைத்தால் அவருக்கு 19.50 போக எங்களுக்கு 45.50. நூறு மில்லிக்கு அடக்கம் 70, விலை 120. அவருக்கு 36 போக 84 வரும். கடைக்காரரின் முப்பதைச் சொன்னபோது சண்டையே வந்தது. "குந்தி இருக்கறவனுக்கு முப்பத்தாறு, குனிஞ்சு பொறுக்குனவளுக்குப் பதினாலா?" லாபமும் கூலியும் வேறு வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. கூலி 30, 60 என்று அடக்கத்துக்குள்ளேயே பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பதினாலு குழுவின் சேமிப்புக்கு என்றேன். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

அடுத்தது வெண்ணெய். ஷியா டப்பா மாதிரி இலுப்பை டப்பா. இலுப்பைக் கொழுப்பு ஷியாவைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். எங்கள் வெயிலுக்கு டப்பாவில் நிற்காது. தேன்மெழுகு சேர்த்தால் நிற்கிறது. ஏழரை லிட்டர் எண்ணெய் எடையில் 6.8 கிலோ, அதோடு 1.2 கிலோ மெழுகு, எட்டுக் கிலோ வெண்ணெய். மெழுகு 840, காய்ச்சி நிரப்ப ரெண்டு ஆள்நாள் 638, காஸும் துணியும் 422. எண்ணெய் அடக்கத்தோடு 6,400. கிராமுக்கு எண்பது காசு. டப்பா 15 கிராம், 50 கிராம், 100 கிராம்.

இங்கேதான் எனக்கே தெளிவில்லாத ஒரு வழக்கு எழுந்தது. பதினைந்து கிராமுக்கு வெண்ணெய் 12, சின்ன டப்பாவும் லேபிளும் 8.50. விலை 35. நூறு கிராமுக்கு வெண்ணெய் 80, டப்பா, லேபிள் 18. விலை 160. கிராமுக்குப் பார்த்தால் சின்ன டப்பா ரெண்டு ரூபாய் முப்பத்து மூணு காசு, பெரிய டப்பா ஒண்ணு அறுபது. குழுவிலேயே சின்னவள், பத்தாவது வரை படித்தவள், கேட்டாள். "யக்கா, பெரிய டப்பா வாங்குறது காசு உள்ளவங்க. சின்னது வாங்குறது நம்ம ஆளுங்க. அப்ப நம்ம ஆளுங்கதான் கிராமுக்குக் கூடக் குடுக்கணுமா?"

டப்பா விலை அப்படி, கடைக் கழிவு அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ஏழைக்குச் சில்லறையாக விற்று மொத்தமாகச் சம்பாதிப்பதற்கும் எல்லாக் கம்பெனியும் இதே சமாதானத்தைத்தான் சொல்லும். தலைதட்டின படிக்கும் வியாபாரி ஏதோ ஒரு சமாதானம் வைத்திருந்திருப்பார். கடைசியில் ஒரு வழி செய்தோம். தெருவில் யார் வந்தாலும் சொந்தக் கிண்ணமோ பழைய டப்பாவோ கொண்டுவந்தால் தராசில் நிறுத்து, கிராம் ஒரு ரூபாய். பத்து ரூபாய்க்குப் பத்து கிராம். டப்பா இல்லை, லேபிள் இல்லை, கழிவு இல்லை. வெளியே போகிற டப்பாவுக்கு அச்சடித்த விலை. இதனால் கடைக்காரர்கள் கோபிப்பார்கள் என்றார்கள். கோபிக்கட்டும்.

ஆனால் தோலில் பூசுகிற பொருளை விற்பதற்குச் செய்தால் 1940ஆம் வருஷத்து மருந்து, அழகுப்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். அடுப்படிக்கு உரிமம் தரமாட்டார்கள், தனிக் கூடம் வேண்டும். தெருவுக்கு வெளியே ரோட்டோரத்தில் கூடம் வாடகைக்குக் கேட்டோம். மூன்று இடத்தில் காலி என்று பலகை தொங்கியது. நாங்கள் போய்க் கேட்டதும் மூன்றும் நிரம்பிவிட்டன. டப்பாவுக்கு விலை வைத்தாகிவிட்டது. தெருத்தராசும் அதனால் இன்னும் ஏறவில்லை. விளக்கு எண்ணெய்க்கு அந்த உரிமம் வேண்டாம். ஆகவே எண்ணெய் முதலில் கிளம்பியது.

கிளம்பிய எண்ணெய்க்கு லேபிள் வேண்டும். பொட்டலப் பொருளுக்கு 2011ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. பொருளின் பேர், நிகர அளவு, மாதம், வருஷம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொலைபேசி, செய்தவரின் பேரும் முழு விலாசமும். நல்ல விதிதான். படியில் கோபுரம் கட்டுகிறவனைப் பிடிக்க இப்படி ஒரு விதி அப்பாயி காலத்தில் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டிருப்போம்.

எங்கள் முழு விலாசத்தில் ஆதிதிராவிடர் காலனி என்று வரும். ரேஷன் அட்டையில் அப்படித்தான், ஆதாரில் அப்படித்தான்.

திருச்சியில் ஒரு பூஜைப் பொருள் கடை. பேர் வேண்டாம். உரிமையாளர் நல்ல மாதிரி. மாதிரிப் பாட்டிலைத் திறந்து மோந்தார், விரலில் தேய்த்தார். "அசல் சரக்கும்மா, இப்படி எண்ணெய் பாத்து எத்தனை வருஷமாச்சு" என்றார். விலை 65க்குச் சரி என்றார். அப்புறம் லேபிளைப் படித்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். தூக்கிப் போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தார்.

"இந்த விலாசம்…"

"எங்க விலாசங்க."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. சாமி விளக்குக்கு வாங்கறவங்க. அவங்க மனசு எப்படியோ." கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உதவி செய்கிற குரலில் சொன்னார். "பத்து மில்லி பாட்டிலாப் போடுங்க. பத்து மில்லிக்குள்ள இருந்தா அந்த விதி கிடையாது. விலாசம் போட வேண்டியதில்ல. ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாட்டில். இருபது ரூபா போடலாம். ஆயிரம் பாட்டில் நானே எடுத்துக்கறேன்."

அவர் சொன்னது சட்டப்படி சரி. பத்து கிராம், பத்து மில்லி வரை அந்த விதிகளில் விலக்கு இருக்கிறது. கணக்குப்படியும் சரி. எண்ணெய் ஆறு ரூபாய், பாட்டில் நாலு. இருபதில் கடைக்கு ஆறு போனாலும் எங்களுக்குப் பதினாலு. பாட்டிலுக்கு நாலு ரூபாய் மிச்சம். நூறு மில்லி பாட்டிலாக ஒரு லிட்டர் விற்றால் மிச்சம் 140. பத்து மில்லியாக விற்றால் 400. மறைந்திருந்தால் கிடைக்கிற கூலி கிட்டத்தட்ட மூணு மடங்கு.

தெருவுக்கு வந்து அப்படியே சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி எல்லோரும் பொங்கி எழவில்லை. ஆறு பேர் போடலாம் என்றார்கள். "வெலாசமா சோறு போடும்? அவன் வெளக்குல எரியப் போற எண்ணெய்க்கு எவ வெலாசமா இருந்தா என்ன?" என்றார் மதினி. அவர் வீட்டில் ரெண்டு பிள்ளைக்கும் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. அவரை எதிர்த்துச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? மாசச் சம்பளக்காரி நான். சின்னவள் மட்டும், "வேங்கைவயல்ல தண்ணித் தொட்டியில கலந்தாய்ங்களே, அவிய்ங்க எந்த வெலாசத்தயும் பாக்காமலா கலந்தாய்ங்க?" என்றாள். 2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் நடந்தது அது. எங்கள் சனம் குடிக்கிற தொட்டியில் மலம். எங்களைத் தேடி வருவதற்கு விலாசம் நன்றாகத் தெரிகிறது, எங்கள் பொருளை வாங்குவதற்குத்தான் தெரியக்கூடாது.

ரெண்டு நாள் பேச்சு ஓடியது. சின்னாத்தாதான் கேட்டார். "பத்து மில்லிக்கு வெலாசம் போட வேண்டாம்னுதான சட்டம்? போடக்கூடாதுன்னா சொல்லுது?"

போடக்கூடாது என்று சொல்லவில்லை. பத்து மில்லி பாட்டில் வாங்கினோம், முந்நூறு. முழு விலாசத்தையும் பொடி எழுத்தில் அச்சடித்து ஒட்டினோம். மதினி முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார். திருச்சிக் கடைக்காரர் எடுக்கவில்லை. "உங்க இஷ்டம்மா" என்றார்.

2025 பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மலை நிறையச் சனம் வந்தது. ரோட்டோரத்தில் ஒரு தார்ப்பாய் விரித்து, பாட்டில்களை அடுக்கினோம். விலை நாங்கள் சொன்ன விலை, கழிவு கிடையாது. பத்து மில்லி இருபது ரூபாயே. பெரும்பாலோர் லேபிளைப் படிக்கவே இல்லை, வெயிலில் யார் பொடி எழுத்தைப் படிப்பார்கள். படித்தவர்களும் இருந்தார்கள். பட்டுச் சேலை கட்டின ஓர் அம்மா கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, பாட்டிலை எடுத்த இடத்தில் சரியாக வைத்து, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கறம்பக்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் படித்துவிட்டு, "நம்ம புள்ளைகளா?" என்று கேட்டு ஐந்து வாங்கினார். எங்கள் ஊர்த்தெருவிலிருந்து ஒரு கிழவி வந்தார். விலாசம் படிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, எங்களைப் பிறந்ததிலிருந்து தெரியும். காசைத் தார்ப்பாயில் போட்டார், கையில் தரவில்லை. பாட்டிலை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "மூட்டு வலிக்குத் தேச்சுக்குவேன், வெளக்குக்கு இல்ல" என்று யாரும் கேட்காமலே சொன்னார். மூன்று நாளில் பத்து மில்லி 214, ஐம்பது மில்லி 37, நூறு மில்லி 9 போனது. மதினி முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. பணத்தை எண்ணும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில், ஏப்ரலில், அரசு ஆவணங்களில் காலனி என்ற சொல்லை நீக்குவோம் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் தெருக்களின் சாதிப்பேரை மாற்ற அரசாணையும் வந்தது. வரட்டும். மிச்சமிருக்கிற ரெண்டு கட்டு லேபிளை என்ன செய்வது என்று சின்னவள் கேட்கிறாள். தெருவுக்குப் புதுப்பேர் என்ன என்று இன்னும் எங்களுக்குச் சொல்லவில்லை. பறையன்மலைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று நான் அவளைக் கேட்டேன்.

அந்த வருஷம் ஆடியிலும் வியாபாரியின் வண்டி வந்தது. எல்லா விதையையும் நாங்களே ஆட்ட முடியவில்லை, கூடம் இன்னும் கிடைக்கவில்லை, பாதியை விற்கத்தான் வேண்டியிருந்தது. அவர் படியை எடுத்துக் கீழே வைத்தார். சின்னாத்தா வீட்டுக்குள்ளே போய் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கிலோ எழுவது" என்றார்.

வியாபாரி சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தஞ்சு தர்றேன் ஆத்தா" என்றார்.

"எழுவது."

"யோசிச்சுட்டு வர்றேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அங்கே படி நாற்பதுக்குக் கிடைத்திருக்கும். எங்கள் விதை பதினெட்டு சாக்கு திண்ணையில் இருந்தது. ஒன்பதாம் நாள் திரும்பி வந்து, வண்டியிலிருந்து இறங்காமலே, "அறுவதுன்னா ஏத்தச் சொல்லுங்க" என்றார். சின்னாத்தா எங்களைத் திரும்பிப் பார்த்தார். மதினி ஏற்கெனவே ஒரு சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.